மலை ரயில் வேடத்தில் 21 கி.மீ.: கடைசிப் பெட்டிக்கும் பச்சைக்கொடி வேண்டும்

ஊட்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, ஃபெர்ன்ஹில், லவ்டேல் வழியாகக் கேத்திப் பக்கம் இறங்கி, அதே வழியில் ஏறித் திரும்பும் அரை மாரத்தான் இது. கருப்பொருள் நீலகிரி மலை ரயில். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்களுக்கு எந்த ஓட்டத்தைப் பற்றியும் மதிப்பீடுகள் நிறையக் கிடைக்கும். இந்த மதிப்பீடு மூன்று மணி நேரத்தைத் தாண்டுகிறவர்களுக்கு. ஓடியும் நடந்தும் முடிக்கிறவர்களுக்கு.

முதலில் அந்தச் சீட்டு. பிப்போடு (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) சேர்த்து ஒரு பழைய பாணி ரயில் டிக்கெட்டும் தருகிறார்கள். கெட்டி அட்டை, சுமார் 57 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், கவுன்ட்டரில் தேதி குத்திக் கொடுத்த காலத்து டிக்கெட்டின் அதே அளவு. மேட்டுப்பாளையம் என்று எழுதிய வளைவில் ஓட்டம் தொடங்குகிறது, உதகமண்டலம் என்ற வளைவில் முடிகிறது. நடுவில் ஏறக்குறைய 2 கி.மீ.க்கு ஒன்றாகப் பத்துத் தண்ணீர்ப் பந்தல்கள்: கல்லார், அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு டி.டி.இ. டிக்கெட்டில் ஓட்டை போடுவார். பத்து ஓட்டையும் விழுந்த டிக்கெட்டைக் கையில் வைத்துப் பார்க்கும்போது, பற்சக்கரத்தை வெட்டி வைத்தது போன்ற மெடலைவிட இதுதான் மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது. யோசித்தவருக்கு நல்ல கண்.

ஒரு நெருடல். பெயர்ப் பலகைகள் உண்மையான ஊர்களோடு பொருந்தவில்லை. நிஜ லவ்டேலைத் தாண்டும்போது பலகையில் வேறு ஊர் இருக்கிறது. பற்சக்கரத் தண்டவாளம் உள்ள கல்லார்–குன்னூர் பகுதிதான் ரயிலுக்குக் கடும் ஏற்றம், சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி. இங்கே அந்தப் பெயர்களைத் தாங்கிய பந்தல்களெல்லாம் பெரும்பாலும் இறக்கத்தில் வருகின்றன. ரயிலைத் தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும். திரும்பும் ஏற்றத்தில் அந்தப் பெயர்களை வைத்திருந்தால் போதும்.

வேடங்களில் சிறந்தது எஞ்சின். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின் ரயிலை முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன். இதை அப்படியே எடுத்துக்கொண்டு, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் கரி பூசிய சட்டையில் இரண்டு வாலண்டியர்களை வரவைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் எஞ்சின். பின்தங்கியவர்களை ‘அள்ளிப் போடும்’ வண்டியாக இல்லாமல், தள்ளிக் கொண்டுவரும் எஞ்சினாக இவர்களை நினைத்தது பெரிய விஷயம். விசில் ஊதுகிறார்கள், பேச்சுக் கொடுக்கிறார்கள், அவசரப்படுத்துவதில்லை.

எஞ்சின் வந்து சேரும்போது ஸ்டேஷன் இல்லை என்பதுதான் குறை. திரும்பும் வழியில் எட்டாவது பந்தலிலிருந்து மேசையை மடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தண்ணீர் கேன் இருக்கிறது, ஓட்டை போடும் இடுக்கி இல்லை. டி.டி.இ. கோட்டைக் கழற்றிவிட்டார். ஏழு ஓட்டையோடு முடிகிற டிக்கெட் கடைசி வரிசைக்கு மட்டும் சொந்தம். வேடிக்கை வேடத்துக்காகவே பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்வரிசைக்காரர்கள்தான். முதலில் வருகிறவர் பந்தலில் நிற்பதே இல்லை. இடுக்கியைக் கயிறு கட்டி மேசைக் காலில் தொங்கவிட்டாலே பாதி தீர்ந்துவிடும், அவரவரே ஓட்டை போட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது கட்-ஆஃப், அதாவது முடித்தாக வேண்டிய நேர வரம்பு. மூன்றரை மணி நேரம் என்கிறார்கள். 210 நிமிடத்தை 21.1 கி.மீ.க்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 10 நிமிடம் வரும், தாராளமாகத் தெரியும். ஆனால் கணக்கு முதல் விசிலிலிருந்து. கூட்டத்தை அலைகளாகப் பிரித்து விடுவதால் கடைசி அலை 15 நிமிடம் கழித்துத்தான் கோட்டைத் தாண்டும். அவர்களுக்கு மிச்சம் 195 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 9 நிமிடம் 15 நொடி. பாதி வழியில், கேத்திப் பக்கம் திரும்பும் இடத்தில் இன்னொரு கட்-ஆஃப், 1 மணி 45 நிமிடம். கடைசி அலைக்கு அது 90 நிமிடமாகச் சுருங்கி, கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 நொடி என்று கழுத்தைப் பிடிக்கிறது.

இதன் விளைவு காலில் தெரியும். திருப்பத்தைப் பிடிக்க வேண்டும் என்ற பயத்தில் எல்லோரும் இறக்கத்தில் உருண்டோடுகிறார்கள். இறக்கத்தில் மூச்சு வாங்காது, அதனால் வேகம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த வேலைதான் தசையை அதிகம் சேதப்படுத்துவது. 14ஆவது கி.மீ. ஏற்றத்தில் தொடை நடுங்கத் தொடங்குவதற்குக் காரணம் ஏற்றம் அல்ல, ஏற்கெனவே ஓடி முடித்த இறக்கம். சமவெளியிலேயே பயிற்சி எடுத்து வரும் கோவை, சென்னைக்காரர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். மருதமலைப் படிக்கட்டிலாவது நான்கைந்து வாரம் இறங்கிப் பழக வேண்டும். ஏறினால் மட்டும் போதாது.

அலையில் முன்னால் நிற்கக் கூச்சப்பட வேண்டாம். சாலையின் இடது ஓரமாக நின்று, வேகமானவர்களுக்கு வழி விட்டு ஓடினால் யாருக்கும் தொந்தரவில்லை, அந்த 15 நிமிடம் கையில் இருக்கும். கிலோமீட்டருக்கு இறங்கும்போது 8 நிமிடம் 45 நொடி, ஏறும்போது 10 நிமிடம் 40 நொடி என்று வைத்தால் மொத்தம் 3 மணி 25 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் மட்டுமே மிச்சம். இறக்கத்திலும் 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கி.மீ.யிலிருந்தே பிரித்துக்கொள்ளுங்கள், களைத்த பிறகு நடக்க ஆரம்பிப்பதில் பயனில்லை. செங்குத்தான ஏற்றத்தில் விரைந்து நடப்பதும் மெதுவாக ஓடுவதும் ஏறக்குறைய ஒரே வேகம், நடையில் மூச்சு மிச்சமாகும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். சென்னையில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்த்தால் மூன்றாவது கி.மீ.யிலேயே பாடம் கிடைக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தையும் விழுங்குவது ரயில்வே கேட். காலை ரயிலுக்காகக் கேட் மூடும் நேரத்துக்குள் முன்வரிசை எல்லாம் தாண்டிவிடுகிறது. பின்வரிசை மட்டும் நிற்க வேண்டும். ரயிலைக் கருப்பொருளாக வைத்த ஓட்டத்தில் நிஜ ரயில் குறுக்கே போவதைப் பார்ப்பது கொள்ளை அழகுதான், ஆனால் நின்ற நேரத்தை யாரும் கழித்துக் கொடுப்பதில்லை. கேட்டுக்கு இருபுறமும், தாண்டும் நேரத்தைப் பதியும் ஒரு டைமிங் மேட் போட்டால் தீர்ந்தது. படம் எடுக்கத் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அது ரயில்வே சட்டப்படி குற்றம், வளைவில் ரயில் வருவது கடைசி நொடி வரை தெரியாது.

சாப்பாடு கலவையாக இருக்கிறது. உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, ஆரஞ்சுச் சுளை, கடலைமிட்டாய் மூன்றும் அருமை. கருப்பொருளுக்காக வர்க்கியையும் வைத்திருக்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி டீயோடு தின்ன வேண்டியது. ஓடும்போது தொண்டையில் தூளாக ஒட்டிக்கொள்கிறது. அதை முடிவுக் கோட்டுக்குத் தள்ளிவிடலாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உள்ளதால் பந்தலில் எவர்சில்வர் டம்ளர். முன்வரிசை குடித்த டம்ளர்கள் கழுவாமல் குவிந்திருக்கும் நேரத்தில்தான் நாம் போய்ச் சேருகிறோம். மடக்கு டம்ளர் ஒன்றை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

வேடம் போடுகிறவர்களுக்குச் சில விஷயம். காக்கிச் சட்டை காட்டன் வேண்டாம். காலை ஆறரைக்குப் புல்லில் உறைபனி இருக்கும், காட்டன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து, நிழல் வளைவுகளில் குளிர் எலும்பில் இறங்கும். பாலியஸ்டர் சட்டையில் காலரையும் பித்தளைப் பொத்தானையும் தைத்துக்கொண்டால் ரயில் கார்டு வேடம் ரெடி. அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாஸ்லின். கொடியை மூங்கில் குச்சியில் கட்டாமல் கையில் சுற்றிக்கொள்ளலாம். இறக்கத்தில் விரல் நகம் ஷூவின் முனையில் இடித்துக் கறுத்துப் போகும். ஷூவின் கடைசித் துளையில் நாடாவை வளையமாக விட்டு எதிர்ப்பக்க நாடாவை அதற்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் நகராது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று இறங்கும். குளிர்கிறதே என்று சன் ஸ்கிரீனை விட்டுவிட்டால் மறுநாள் மூக்கு உரிந்துவிடும்.

பின்வரிசையில் ஆள் இடைவெளி விழும்போது தேயிலைத் தோட்ட ஓரங்களில் காட்டெருமை நிற்கலாம். நின்றுவிடுங்கள், எஞ்சின்காரர்கள் வரும்வரை காத்திருங்கள். பக்கத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம். அந்த நிமிடங்களைக் கட்-ஆஃபில் கழித்துக்கொள்வதாக விதிகளில் எழுதியிருக்கிறார்கள். காட்டெருமைக்கு உண்டு, கேட்டுக்கு இல்லை!

சொந்த வண்டியில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இ-பாஸை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். பிப் வாங்கும் கடைசி நேரம் முந்தின நாள் மாலை ஆறு மணி, கல்லார் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றால் அது போய்விடும்.

பதிவு செய்யலாமா? 3 மணி 15 நிமிடத்துக்குள் சமவெளியில் அரை மாரத்தான் முடிக்கிறவர்கள் தயங்காமல் செய்யலாம். அதற்கு மேல் ஆகிறவர்கள் இந்த ஆண்டு 10 கி.மீ. பிரிவை எடுங்கள்: அது லவ்டேலோடு திரும்பிவிடும், பந்தல்கள் கடைசி ஆள் வரை திறந்திருக்கின்றன, டிக்கெட்டில் ஐந்து ஓட்டையும் முழுசாக விழும்.