தொப்பி கேட்கிறதா? டிவியில் கச்சேரி பார்க்கும் பழக்கம் பற்றி

2020 மார்கழியில் கொரோனாவால் சபாக்கள் மூடிக் கிடந்தன. ஆளில்லாத அரங்குகளில் கச்சேரிகளைப் பதிவு செய்து இணையத்தில் விட்டார்கள். மியூசிக் அகாடமியின் விழாவே அந்த வருடம் இணையத்தில்தான் நடந்தது. அப்போது வேறு வழியில்லாமல் தொற்றிக்கொண்ட பழக்கம், சபாக்கள் திறந்த பிறகும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு சீரியலுக்குப் பதில் ஒரு கச்சேரி ஓடும். பழைய தூர்தர்ஷன் பதிவு, போன சீசனில் எடுத்தது, எப்போதாவது ஒரு வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா. இத்தனை வருடம் பார்த்ததில் எது வீட்டில் எடுபடுகிறது, எது எடுபடுவதில்லை என்று ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சத்தம். கச்சேரி பார்க்கப் பெரிய டிவி வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 43 அங்குலம் ஒரு சாதாரண ஹாலுக்குப் போதும். அதற்கு மேல் போடுகிற பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். எந்த டிவியையும் சோதிக்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான்: மிருதங்கத்தில் தொப்பி, அதாவது இடது பக்கத் தலை, கேட்கிறதா?

தட்டையான டிவிகளில் ஸ்பீக்கர் விரல் தடிமனில் அடியிலோ பின்பக்கமோ ஒளிந்திருக்கும். அதிலிருந்து கீழ் ஸ்தாயி ஒலி வர வழியே இல்லை. வலது பக்கத் தலையான வலந்தலையில் விழுகிற மீட்டு, சாப்பு என்ற அடிகள் கணீரென்று வரும். இடது கை வாசிக்கிற, ரவை அப்பித் தயார் செய்கிற தொப்பி இருக்கிறதே, அது வெறும் ‘டொக்’ என்று நின்றுவிடும். மணிக்கட்டை அழுத்தி எழுப்புகிற கும்கி சுத்தமாகக் காணாமல் போகும். பாதி மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டு மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருப்போம். தம்புராவுக்கும் இதே கதிதான். கீழ் ஸ்தாயி ‘ஸ’வான மந்த்ர ஷட்ஜம் அடிபட்டுப் போய், மேலே இருக்கிற ரீங்காரம் மட்டும் கொசு மாதிரி காதைச் சுற்றும். ஒரு கட்டை ஸ்ருதியில் பாடுகிற வித்வானின் குரலே மெலிந்து போய்க் கேட்கும்.

எங்கள் வீட்டில் முதலில் வந்தது ஒரு சவுண்ட்பார். அது சினிமாவுக்குச் செய்தது. குண்டு வெடித்தால் சோபா அதிரும். வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் கழித்து அதை மச்சினன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் வாங்கினோம். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள், டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்ற சாதாரண ஸ்டீரியோ வகை. வேலை அவ்வளவுதான். ஸ்பீக்கர்களை டிவியோடு ஒட்டி வைக்காமல் இரண்டு பக்கமும் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். அன்று ராத்திரி மாமனார் வந்து உட்கார்ந்து இரண்டு ஆவர்த்தனம் தொடையில் தாளம் போட்டுவிட்டு, “இப்பதான் மிருதங்கம் ரெண்டு கையால வாசிக்கிறார்” என்றார். சப்வூஃபர் தேவையா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அதைக் கொஞ்சம் ஏற்றினாலும் தொப்பி, ஊர்வல பேண்ட் டிரம்மாக மாறிவிடும். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கவும் வேண்டுமே.

அடுத்து, டிவிக்குள் இருக்கிற அதிகப்பிரசங்கித்தனங்களை அணைக்க வேண்டும். ‘நைட் மோட்’, ‘ஆட்டோ வால்யூம்’ என்று வெவ்வேறு பெயரில் ஒன்று இருக்கும். யூடியூபிலேயே ‘ஸ்டேபிள் வால்யூம்’ என்று ஒன்று உண்டு. சத்தம் குறைந்தால் தானே ஏற்றி, கூடினால் இறக்குகிற வேலை இவற்றுடையது. செய்தி கேட்க நல்லது, ஆலாபனைக்கு விஷம். பாடகர் ஒரு சஞ்சாரத்தை முடித்து மூச்சு விடுகிறார். அந்த இடைவெளியில் தம்புரா குபுக்கென்று மேலே எழும்பி வரும். அவர் மறுபடி வாயைத் திறந்ததும் பதுங்கும். ஒரு முறை கவனித்துவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. ‘சரவுண்ட்’ என்று போட்டிருப்பதையும் அணையுங்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் மோனோ, ஒரே தடத்து ஒலி. அவற்றுக்குப் பொய்யாக எதிரொலி சேர்த்தால் வித்வான் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது போல ஆகிவிடும். படத்தில் அசைவை மழமழப்பாக்குகிற வசதி ஒன்று இருக்கும், அதுவும் வேண்டாம். வேகமாக வாசிக்கும்போது விரல்களைச் சுற்றி ஒரு கலங்கல் படலம் போடுவதைத் தவிர அதனால் பயன் இல்லை.

ப்ளூடூத் பற்றி ஒரு வார்த்தை. பாட்டு மட்டும் கேட்கிறவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பார்த்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கு அது ஒத்துவராது. ஒலி படத்துக்குப் பின்னால் ஐந்தில் ஒரு பங்கு வினாடி வரைகூடத் தங்கும். டிவியே சரிக்கட்டினால் தப்பித்தோம்; எல்லா டிவியும் அதைச் சரியாகச் செய்வதில்லை. பேட்டி பார்க்கும்போது இது உறுத்தாது. மிருதங்கத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளத்தின் ஒரு எண்ணிக்கையான அட்சரம் ஒரு வினாடி, அதில் எட்டுச் சொல், அதாவது எட்டு அடி, விழுகிறது என்றால் ஒரு சொல்லுக்கு எட்டில் ஒரு பங்கு வினாடி. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒன்றரைச் சொல் தள்ளிப்போய்விடும். முத்தாய்ப்பாக வாசிக்கிற கோர்வை தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழும்போது, விரல் போய் ஓய்ந்த பிறகு சத்தம் வரும். நடு ராத்திரியில் கேட்க ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் வயர் உள்ளதை வாங்குங்கள்.

இனி படம். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இதில்தான்.

மேடையில் நமக்கு இடது பக்கம் மிருதங்கம், வலது பக்கம் வயலின், நடுவில் பாடகர். வழக்கமான இந்த அமைப்பில் மிருதங்க வித்வானின் வலந்தலைதான் சபையைப் பார்த்து இருக்கும். தொப்பிப் பக்கம் வாத்தியத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். இடதுகை வாசிப்புக்காரரான பழனி சுப்பிரமணிய பிள்ளை மாதிரியான வித்வான்களுக்கு மட்டும் இடம் மாறும். அது அந்தக் காலத்தில் மேடையில் வயலின்காரர்களோடு பெரிய தகராறாகவே இருந்தது. ஆக, வருடக்கணக்கில் சபாவில் உட்கார்ந்து கேட்டும் இடது கை என்ன செய்கிறது என்று நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வயலின் பக்கம் வைத்த ஒரு கேமரா அதைக் காட்டுகிறது. உள்ளங்கையின் அடிப்பாகம் தோலில் அழுந்தி வழுக்குகிறது. ரவை கொஞ்சம் உலர்ந்ததும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, ஒரு துளித் தண்ணீர் தொட்டுத் தடவுகிறார்கள். பன்னிரண்டாவது வரிசை டிக்கெட்டில் இது கிடைக்காது. பதிவு செய்த கச்சேரி சபாவை மிஞ்சுகிற இடம் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். ஆனால் அதை நமக்குத் தருகிற பதிவுகள் ரொம்பக் குறைவு.

ஏனென்றால், இப்போது எடுக்கிறவர்களுக்கு கேமரா சும்மா இருக்கக் கூடாது. கிரேன் மேலே போகிறது, கீழே வருகிறது. மேடை அலங்காரத்துப் பூவைக் காட்டிவிட்டு மெதுவாகப் பாடகரிடம் வருகிறது. ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நிரவலில் அவர் ஒரு பிடியைப் பிடித்து வயலினுக்குத் தள்ளுகிறார். வயலின் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற அந்த நொடியில் திரையில் முன்வரிசை மாமி பட்டுப்புடவையோடு தலையாட்டுகிறார். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் நான்கு வினாடிக்கு ஒரு வெட்டு. கோர்வையின் மூன்றாவது சுற்று, எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற இடம், அப்போது அரங்கத்தின் கூரை.

முழுக் குற்றமும் கேமராக்காரர்கள் மேல் இல்லை. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா தன் கச்சேரிகளை 2008லிருந்து சந்தா முறையில் இணையத்தில் தருகிறது. அதைப் பார்த்தால் ஓபோ என்ற குழல் வாத்தியம் தன் வரியைத் தொடங்குவதற்கு அரை நொடி முன்னால் கேமரா ஓபோக்காரரிடம் போய் நிற்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. கையில் ஸ்வரத்தாளை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் யார் வாசிப்பார்கள் என்று முன்னாலேயே குறித்து வைத்து எடுக்கிறார்கள். நம் கச்சேரியில் அடுத்த பாட்டு என்ன என்பதே பக்கவாத்தியத்துக்குச் சில சமயம் மேடையில்தான் தெரியும். ஆலாபனையும் ஸ்வரமும் அந்த நேரத்தில் பிறப்பவை. தாளே கிடையாது, ஆகவே கேமராவை இயக்குகிறவருக்குக் காது இருக்க வேண்டும். ‘இவர் முடிக்கப் போகிறார், அடுத்து வயலின்’ என்று முன்கூட்டி உணர்கிற காது. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், மூன்று பேரும் தெரிகிற மாதிரி ஒரு கேமராவை நிறுத்தி வைத்துவிட்டு எல்லோரும் டிபன் சாப்பிடப் போகலாம். கெடுதல் இல்லை.

இந்தக் காரணத்தால்தான் எனக்குப் பழைய தூர்தர்ஷன் பதிவுகள் மேல் அவ்வளவு பிரியம். சென்னைத் தொலைக்காட்சி 1975ல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் எடுத்த எத்தனையோ கச்சேரிகள் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கத்திலும் வேறு இடங்களிலும் கிடைக்கின்றன. பின்னால் ஒரு நீலத் திரை, ஒரு மேடை, இரண்டு மூன்று கேமரா. ஒரே கோணத்தில் ஒரு நிமிடம் நிற்கும், அவசரமே இல்லை. பாடகர் பக்கவாத்தியத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவதும், அவர் பதிலுக்குச் சிரிப்பதும் ஒரே சட்டகத்தில் நடக்கும். படத் தரம் சுமார்தான். அந்தக் காலத்து ஒளிபரப்பில் ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்புவார்கள். அதைச் சரியாகச் சேர்க்காமல் பதிவேற்றினால் அசைகிற பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். வயலின் வில்லில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாட்டு சூடு பிடித்ததும் கண் அதை மறந்துவிடுகிறது. ஒலியை மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். பழைய பதிவுகள் அமுங்கிய சத்தத்தில் இருக்கும், யூடியூப் உரத்த வீடியோக்களை இறக்குமே தவிர அமுங்கியதை ஏற்றாது. கூட்டி வைத்த அந்த நேரம் பார்த்து, சாவேரி ராகம் விரிந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஒரு மசாலா விளம்பரம் முழுத் தொண்டையில் கத்தும். மாதச் சந்தா கட்ட எனக்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

2020 பதிவுகள் தனி ரகம். ஒலி அப்பழுக்கில்லாமல் இருக்கும். செல்போன் மணி இல்லை, இருமல் இல்லை, தனி ஆரம்பித்ததும் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களின் நாற்காலிச் சத்தம் இல்லை. ஆனால் அபாரமான ஒரு கோர்வை முடிந்து மிருதங்கம் முடிவிடமான அருதிக்கு வந்து நிற்கும்போது கைதட்டலும் இல்லை. பாடகர் மட்டும் மெதுவாக “பலே” என்பார். அது ஒலிவாங்கியில் பெரிதாகக் கேட்கும். 1971ல் பிங்க் ஃப்ளாய்ட் என்ற ராக் குழு இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியின் கல் அரங்கில் ஆள் இல்லாமல் வாசித்துப் படமெடுத்தது. அவர்கள் விரும்பிச் செய்ததால் அதற்கு அது அழகு. நம் கச்சேரி எதிரில் தலையாட்ட ஆள் வேண்டும் என்று கேட்கிற சங்கீதம். அந்த வருடப் பதிவுகளை இப்போது நான் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம்.

வீட்டில் எடுபடாதவை சில உண்டு. திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரலையாகக் காட்டுகிறார்கள். நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவதை காவிரிக்கரைப் பந்தலில் உட்கார்ந்து, கூடவே பாடினால் அது வேறு. டிவியில், மைக்குக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட நாலைந்து குரல்கள் மட்டும் துருத்திக்கொண்டு வரும்; மீதி எல்லாம் ஒரு இரைச்சல். நாதஸ்வரமும் அப்படித்தான். கோயில் பிராகாரத்தில் இருபது அடி தள்ளி நின்று கேட்க வேண்டிய வாத்தியத்தின் வாய்ப்புறமான அணசுக்கு முன்னால் மைக்கை வைத்து எடுத்தால் நம் காதுக்குக் கிடைப்பது தண்டனை. தவிலை இன்னும் யாரும் சரியாகப் பதிவு செய்து நான் கேட்கவில்லை. சினிமாப் பாட்டு மேடை நிகழ்ச்சிகளில் எது அந்த இடத்தில் பாடியது, எது பிறகு ஸ்டுடியோவில் சரிசெய்தது என்று தெரியாததால் எனக்கு அவற்றில் அக்கறை போய்விட்டது. மூச்சு வாங்க ஆடிக்கொண்டே ஸ்ருதி பிசகாமல் பாடுகிறார்கள் என்றால், சரி, நம்பிக்கொள்வோம்.

இன்னொரு சங்கடம் ரிமோட். சபாவில் ராகம் தானம் பல்லவி தொடங்கினால் நடுவில் எழுந்து போகக் கூச்சமாக இருக்கும், உட்கார்ந்துவிடுவோம். வீட்டில் தானம் நடக்கும்போது பால்காரர் கணக்கு ஞாபகம் வரும், நிறுத்திவிட்டுப் போவோம். திரும்பி வந்து தொடர்ந்தால் ராகம் ஆறிப் போயிருக்கும். எங்கள் வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு: ஒரு உருப்படி தொடங்கினால் அது முடிகிற வரை நிறுத்தக் கூடாது. முழுக் கச்சேரியும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்பதில்லை. வர்ணமும் இரண்டு கீர்த்தனையும் இன்றைக்கு, பிரதான ராகம் நாளைக்கு. தனியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம், அதற்கு விதிவிலக்கு. முதல் முறை தாளம் போட்டுக்கொண்டு, இரண்டாம் முறை தாளத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் பார்த்து. மாமனார் கட்சி வேறு. “படத்தை அணைச்சிட்டுக் கேளுங்கோ, பாதி சந்தேகம் தீர்ந்துடும்” என்பார். கல்பனாஸ்வரத்தில் கணக்குப் பிடிபடாதபோது அவர் சொன்னபடி செய்து பார்த்திருக்கிறேன், பலிக்கிறது.

கடைசியாக, பதிவேற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பில் பாடகர் பெயரைப் போடுகிறீர்கள், சந்தோஷம். வயலின் யார், மிருதங்கம் யார், கஞ்சிரா அல்லது கடம் யார், என்ன ராகம், என்ன தாளம், எத்தனையாவது நிமிடத்தில் எந்த உருப்படி, எந்த வருடம் எங்கே எடுத்தது என்று கீழே நாலு வரி எழுதிவிடுங்கள். இரண்டரை மணி நேரப் பதிவில் தோடி எங்கே இருக்கிறது என்று ரிமோட்டால் துழாவித் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.