பெட்டியில் 'லினக்ஸ்' என்று போட்டிருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்

திருகோணமலை டவுனில் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கப் போகிறீர்களா? அதுவும் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கிறவரா? ஐந்து நிமிடம் ஒதுக்கி இதை வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயர் எழுதவில்லை.

மகளின் உயர்தரப் படிப்புக்காக அலுவலகம் ஒன்றில் கழித்துவிட்ட கணினி வாங்கினேன். 4 ஜிபி ராம், வைஃபை கிடையாது. விண்டோஸில் மூச்சு வாங்கிய கணினி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 21 போட்டதும் ஓடத் தொடங்கியது. ரவுட்டர் முன் ஹாலில், கணினி பின்னறையில். உப்புவெளி நண்பரிடம் இருந்த குட்டி அடாப்டர் அவருடைய மின்ட்டில் செருகியவுடனேயே பிடித்தது. அந்தப் பெட்டியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அதே சாமான்தான் அண்ணே, லினக்ஸ் என்று பெட்டியிலேயே இருக்கு பாருங்க" என்றார் கடைக்காரத் தம்பி. வேகம் 600 எம்பிபிஎஸ் என்றும் போட்டிருந்தது. 2,400 ரூபாய் கொடுத்தேன்.

வீட்டில் செருகினால் சின்ன விளக்குகூட எரியவில்லை. கட்டளை தட்டும் டெர்மினலில், செருகியிருக்கும் யூஎஸ்பி சாமான்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. நண்பருடையதில் இருப்பது மீடியாடெக் எம்டி7601யூ சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், 2015இல் வந்த கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) 4.2 முதலே லினக்ஸோடு சேர்ந்து வருகிறது. எனக்குக் கிடைத்ததில் ரியல்டெக் ஆர்டிஎல்8188எஃப்டிவி. பெட்டி அச்சு அசல் ஒன்றுதான், வயிற்றுக்குள் இருப்பது வேறு. மின்ட் 21இன் கெர்னல் 5.15, இந்தச் சிப்புக்கான டிரைவர் கெர்னலுக்குள் வந்ததோ 6.2இல்தான்.

அந்த 600 கணக்கையும் பாருங்கள். இந்தச் சிப் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், உச்சம் 150 எம்பிபிஎஸ். அது செருகும் யூஎஸ்பி 2.0 துளையே ஏட்டளவில் 480க்கு மேல் போகாது. அப்புறம் எங்கே 600?

பெட்டிக்குள் ஒரு குட்டி சிடி. என் கணினியில் சிடி டிரைவ் இல்லை, நண்பர் வீட்டில் போட்டுப் பார்த்தேன். 'லினக்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது 2.6, 3 காலத்துப் பழைய கெர்னல்களுக்கான டிரைவரின் மூலநிரல். அதை என் கணினியில் ஓடும் வடிவுக்குத் தொகுக்கப் போனால் பிழைமேல் பிழை. தொகுக்கத் தேவையான மென்பொருள் பொதிகளை இறக்கவும் இணையம் வேண்டும், இணையத்துக்குத்தானே இத்தனை பாடு! கடைசியில் போனின் இணையத்தை கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுத்து (யூஎஸ்பி டெதரிங்) நான்கு இரவு மல்லுக்கட்டினேன்.

மறுபடி கடைக்குப் போனேன். "பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் அண்ணே. விண்டோஸ் போட்டுத் தாறன், 2,500 தாங்க." அடாப்டரைவிட அதற்கு விலை அதிகம். பில்லைக் காட்டினேன். அதில் 'வைஃபை டொங்கிள்' என்று மட்டும் இருந்தது, சிப்பும் இல்லை, மாடலும் இல்லை. அங்கேதான் நான் கோட்டை விட்டேன். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்க நினைத்தேன், ஆனால் இந்தப் பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

இதே சாமானில் மாட்டிக்கொண்டவர்கள் குப்பையில் எறிய வேண்டாம். நான் மின்ட் 22க்கு மாறினேன். அதன் கெர்னல் 6.8, செருகியதும் பிடித்துக்கொண்டது. வேகம் சுமார்தான், பாடக் காணொளிக்குப் போதும்.

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியை விட்டுவிட்டு சிப்பின் பெயரைக் கேளுங்கள். எம்டி7601யூ, ராலிங்க் ஆர்டி5370, ஏதெரோஸ் ஏஆர்9271 மூன்றும் பழையவை, வேகம் குறைவு, ஆனால் லினக்ஸில் தகராறு செய்யாதவை. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எம்டி7612யூ கேட்கலாம். எதை வாங்கினாலும் அந்தப் பெயரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

போன வாரம் தங்கச்சிக்கு ஒன்று வாங்க, கணினியில் நிறுவாமலே ஓடும் லைவ் மின்ட் ஏற்றிய பென் டிரைவோடு போனேன். முதல் கடையில் "இங்கே போட்டுப் பார்க்க ஏலாது" என்றார்கள். சரி என்று வெளியே வந்துவிட்டேன். இரண்டு கடை தள்ளி ஒருவர் தன் லேப்டாப்பையே என் பக்கம் திருப்பி வைத்தார்.