வேடம் ஒருவருடையது, குரல் யாருடையது?

பேட்ஸி க்ளைன் 1963இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. அமெரிக்கக் கன்ட்ரி இசையின் அந்தப் பெரிய பாடகியை ஐந்தே ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்கள் திரைக்குக் கொண்டுவந்தன. 1980இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாடகி லொரெட்டா லின்னின் கதை. அதில் தோழியாக வரும் பேட்ஸி வேடத்தில் பெவர்லி டி'ஏஞ்சலோ தம் குரலிலேயே பாடினார். 1985இல் வந்த 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பேட்ஸியின் கதை. அதில் ஜெஸிகா லாங் வாயசைத்தார். ஒலித்தது பேட்ஸியின் பழைய பதிவு. நடிகரே பாடுவதா, அசல் குரலுக்கு வாயசைப்பதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

பாட்டை மட்டும் கேட்டால் போட்டிக்கே இடமில்லை. பேட்ஸியின் சாரீரத்தில் ஒரு விம்மல் உண்டு. வரியின் முடிவில் குரல் லேசாக உடைந்து மீண்டும் சேரும். டி'ஏஞ்சலோ சுருதி பிசகாமல், தெம்பாகப் பாடுகிறார். அந்த விம்மல் மட்டும் கைகூடவில்லை. ஆனால் படமாகப் பார்க்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. லாங் பேசும் குரல் ஒன்று, பாடும் குரல் வேறொன்று. கணவனோடு மல்லுக்கு நிற்கும் பெண்ணும் மேடையில் பாடும் பெண்ணும் ஒருவர்தான் என்பதைக் கண் ஏற்றுக்கொள்கிறது, காது ஏற்க மறுக்கிறது. லாங் மிக நன்றாக நடித்திருக்கிறார், ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அப்படியிருந்தும் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் அந்த ஒட்டு எனக்குத் தெரிகிறது.

டி.எம்.எஸ். பாட சிவாஜி வாயசைத்ததைத் தலைமுறை தலைமுறையாக ரசித்தவர்கள் நாம். நமக்கு இது ஒரு குறையா என்று கேட்கலாம். அங்கே கதாநாயகனின் குரல் கதையின் பொருள் அன்று. பாட்டு வரும், போகும், கதை நடக்கும். ஒரு பாடகரின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தில் அந்தக் குரல்தான் கதை. அது எங்கிருந்து பிறந்தது, எப்படித் தேறியது, எப்போது தளர்ந்தது என்று பார்க்கத்தான் உட்காருகிறோம்.

அசல் பதிவை நம்பும் படங்கள் தடுமாறும் இடமும் இதுதான். பதிவில் இருப்பது தேறிய குரல் மட்டுமே. ஒருவர் பாடப் பழகிய நாட்களை யாரும் பதிவுசெய்து வைப்பதில்லை. லொரெட்டாவாக வரும் ஸிஸ்ஸி ஸ்பேஸெக் வீட்டு வேலைக்கு நடுவே பிள்ளைகளுக்குப் பாடும்போதும், கணவன் வாங்கித் தந்த கிட்டாரில் தடவித் தடவி வாசிக்கும்போதும், பிறகு பெரிய அரங்கில் நிற்கும்போதும் ஒரே தொண்டை மெல்ல மெல்லத் திறப்பதைக் கேட்கிறோம். அவரைத் தேர்ந்தெடுத்தவர் லொரெட்டா லின்தான். அந்த வேடம் ஸ்பேஸெக்குக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

நடிகரே பாடும் இந்த வழியின் முழு பலத்தையும் ஒரே காட்சியில் காண வேண்டுமானால் 2005இல் வந்த 'வாக் தி லைன்' படத்தைப் பாருங்கள். பாடகர் ஜானி கேஷாக வாக்கீன் ஃபீனிக்ஸ். மெம்ஃபிஸ் நகரின் ஸன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் குரல் தேர்வு. ஊரெல்லாம் பாடும் பக்திப் பாட்டைக் கேஷ் பாட, நிறுவனத்தின் உரிமையாளர் ஸாம் ஃபிலிப்ஸ் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்: இதில் நீ எங்கே இருக்கிறாய் என்பதுதான் அவர் கேள்வி. கேஷ் தயங்கி, விமானப் படையில் இருந்தபோது எழுதிய சிறைப் பாட்டை எடுக்கிறார். முதல் வரி கிட்டத்தட்டப் பேச்சு. குரல் அடித்தொண்டையில் கிடக்கிறது, பார்வை எங்கோ நிற்கிறது, உடன் வந்த இருவரும் எந்தத் தாளத்தில் சேர்வதென்று தெரியாமல் தடவுகிறார்கள். சில வரிகளுக்குள் குரலில் முறுக்கு ஏறிவிடுகிறது. ஒரு மனிதன் தன் குரலைத் தானே கண்டுபிடிக்கும் நேரம் அது. கேஷின் புகழ்பெற்ற பதிவை அங்கே ஒலிக்கவிட்டிருந்தால், கண்டுபிடித்து முடித்த குரல் முதல் வரியிலேயே வந்து நின்றிருக்கும். காட்சியே இருந்திருக்காது.

அந்தப் படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்ட், 2024இல் பாப் டிலனைப் பற்றி எடுத்த 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்தில் இன்னும் ஒரு படி போனார். டிமதி ஷாலமே படப்பிடிப்பின்போதே கிட்டார் வாசித்துப் பாடினார். மருத்துவமனை அறையில் நோயாளியாகக் கிடக்கும் மூத்த பாடகர் வுடி கத்ரிக்கு இளம் டிலன் பாடிக்காட்டும் இடத்தில், மூச்சு வாங்குவது வரைக்கும் அந்த அறைக்குள்ளேயே நடக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்துவந்து ஒட்டிய குரலில் இந்த நெருக்கம் வராது.

இப்படிச் சொல்லும் நான் 'ரே' படத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2004இல் வந்த அந்தப் படத்தில் ஒலிப்பது பெரும்பாலும் ரே சார்ல்ஸின் அசல் குரல்தான். ஜேமி ஃபாக்ஸ் வாயசைத்தார், ஆஸ்கரும் வாங்கினார். எனக்கு அதில் ஒட்டுத் தெரியவில்லை. இரண்டு காரணங்கள் உண்டு. பியானோவில் ஓடும் விரல்கள் ஃபாக்ஸின் விரல்கள். சிறு வயதிலிருந்தே வாசித்தவர். ஆகவே குரல் இரவல் என்றாலும் உடம்பில் பாதி உண்மையாகவே வாசித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தது, அவர் பேசும்போதே ரேயின் கரகரப்பையும் நீட்டி நிறுத்தும் முறையையும் பிடித்துவிட்டார். பேச்சு அவ்வளவு அருகில் வந்துவிட்டதால், அங்கிருந்து பாட்டுக்குப் போகும் தூரம் குறைந்துவிட்டது. 2007இல் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபாக நடித்து, பெரும்பாலும் பியாஃபின் பதிவுகளுக்கே வாயசைத்து ஆஸ்கர் வென்ற மரியோன் கோட்டியாரிடமும் இதைக் காணலாம். வாயசைப்பு எளிய வழி என்று நினைப்பவர்கள் இந்த இருவரையும் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். உதட்டை விடுங்கள், கழுத்தையும் தோளையும் பாருங்கள். உச்சஸ்தாயிக்கு முன்னால் நெஞ்சு விரிகிறது.

இரண்டையும் கலக்கும் வழியும் இருக்கிறது. 2018இல் வந்த 'பொஹீமியன் ராப்ஸடி'யில் 'குவீன்' இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் பதிவு, மார்க் மார்ட்டெல் என்ற பாடகரின் குரல், ஃப்ரெடியாக நடித்த ரமி மாலெக்கின் குரல் மூன்றும் கலந்திருக்கின்றன. 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் கச்சேரி திரையில் வரும்போது ஃப்ரெடியின் குரல் இல்லாமல் எப்படி எடுப்பது? அத்தனை பெரிய கூட்டத்தைக் கட்டி இழுத்த குரலுக்கு மாற்று இல்லை. அந்தக் காட்சிக்கு அசல்தான் சரி. 2022இன் 'எல்விஸ்' படம் கலவையைக் காலத்தால் பிரித்தது. இளம் எல்விஸுக்கு ஆஸ்டின் பட்லர் பாடினார், பிற்கால எல்விஸுக்கு அசல் குரல் கைகொடுத்தது. ஆப்பெரா பாடகி மரியா காலஸைப் பற்றிய 2024ஆம் ஆண்டுப் படம் இதைத் தலைகீழாகச் செய்தது: உச்சத்தில் காலஸின் பதிவு ஓங்கி ஒலிக்கிறது, கடைசி நாட்களின் தளர்ந்த குரலில் ஆஞ்ஜலினா ஜோலி முன்னால் வருகிறார். எனக்கு இந்தப் பிரிப்புதான் கூடுதல் பொருத்தமாகப் படுகிறது. தளர்ச்சியை நடிகரால் தர முடியும், உச்சத்தைத் தருவது அரிது.

2019இல் வந்த 'ஜூடி' படத்தின் வெற்றியும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜூடி கார்லண்ட் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு லண்டனில் பாடிய நாட்களின் கதை அது. ரெனே ஸெல்வெகரின் குரல் ஜூடியின் குரலுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த நாட்களில் ஜூடியின் குரலே பழைய ஜூடிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஸெல்வெகருக்கு எட்டாத சுரங்கள் ஜூடிக்கும் எட்டாமற்போனவையாக மாறி நெஞ்சைப் பிசைகின்றன.

பதிவே இல்லாதவர்களைப் பற்றிப் படம் எடுத்தவர்கள் நம்மவர்கள். தியாகராஜ சுவாமிகள் மறைந்தது 1847இல், எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். அசல் குரல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. 1946இல் வந்த தெலுங்கு 'தியாகய்யா'வில் சித்தூர் வி. நாகய்யா நடித்து, பாடி, இயக்கவும் செய்தார். 1981இல் பாபு எடுத்தபோது ஜே.வி. சோமயாஜுலு நடிக்க, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடினார். மீராவும் அப்படியே: 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமி தாமே மீராவாகிப் பாடினார். 1979இல் இந்தியில் ஹேமமாலினி நடிக்க, குரல் நம் வாணி ஜெயராமுடையது. வாணி ஜெயராமின் பாட்டில் ஒரு குறை சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் அந்தப் பாட்டுகளை நான் வாணி ஜெயராமின் பாட்டுகளாகத்தான் கேட்கிறேன். 'காற்றினிலே வரும் கீதம்' ஒலிக்கும்போது மட்டும், பாடுவது எம்.எஸ்.ஸா மீராவா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை.