ரிச்சி தெரு ஃபெர்ரைட் கிளிப்: வாங்கலாம், ஆனால் பாக்கெட்டை நம்ப வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒயரைச் சுற்றி மாட்டி மின் இரைச்சலை அடக்கும் இந்த ஃபெர்ரைட் கிளிப் (பிளாஸ்டிக் கூட்டுக்குள் இரண்டு பாதியாக இருக்கும் காந்தப் பொருள் வளையம்) இன்டர்நெட்டை வேகமாக்காது. பாக்கெட்டில் ராக்கெட் படம் போட்டு ‘ஸ்பீடு பூஸ்டர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள், அது சுத்தப் பொய். ஆனாலும் மூன்று மாதமாக என் மோடம் ஒயரில் அது இருக்கிறது, கழற்றும் எண்ணமும் இல்லை.

நாங்கள் இருப்பது மேற்கு மாம்பலத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றில், வாடகைக்கு. இன்னமும் செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் லைன் பிராட்பேண்ட்தான். பேசாமல் ஃபைபருக்கு மாறு என்று ஆபீஸில் எல்லோரும் சொல்லியாயிற்று. ஃபைபரில் ஓடுவது ஒளி, அதை மிக்ஸியும் ஃபேனும் ஒன்றும் செய்ய முடியாது, எனக்கும் தெரியும். வீட்டுக்காரர் சுவரில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போட விடமாட்டேன் என்கிறார், அவரிடம் போய் யார் பேசுவது.

பிரச்சினை இதுதான். காலை ஏழரைக்கு அம்மா சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டால் லைன் கட். சாயங்காலம் ஆறு மணிக்கு பூஜையறையில் விளக்கேற்றினால் மறுபடி கட், அப்புறம் ஒன்பது மணி வரை வருவதும் போவதுமாக இருக்கும். நாலு தடவை கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். லைன்மேன் வருவது மத்தியானம், அப்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், “மோடத்த மாத்திப் பாருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மோடத்தையும் மாற்றினேன், பணம்தான் போனது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். உள்சந்தில், ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத கடை. ஐந்து கிளிப் உள்ள பாக்கெட் 150 ரூபாய் சொன்னார், 120க்குக் கொடுத்தார். நான் சின்னத் துளை உள்ளதை எடுக்கப் போனபோது தடுத்து, “இது வேணாம் சார், பெருசா 13 எம்எம் எடுங்க, ஒயர ஒரே தடவ உள்ள விட்டா பிரயோஜனம் இல்ல, ஆறேழு சுத்து சுத்தணும்” என்றார். பாக்கெட்டில் இல்லாத உண்மை கடைக்காரர் வாயில் இருந்தது. இந்தக் கடைக்கு மட்டும் தாராளமாக ஐந்து நட்சத்திரம்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி கிளிப்கள் பெரும்பாலும் பத்து இருபது மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் இரைச்சலை அடக்கச் செய்தவை. நம் டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பியில் வரும் பிராட்பேண்ட், ஓடுவதோ அதற்கெல்லாம் கீழே, அதில் ஏடிஎஸ்எல்2+ வகை என்றால் சுமார் 2.2 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு ஃபெர்ரைட் கொடுக்கும் தடை ரொம்பக் குறைவு. ஆனால் தடை சுற்றின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும், ஆறு சுற்று என்றால் ஏறத்தாழ 36 மடங்கு. லைனின் இரண்டு கம்பியும் சேர்ந்தே உள்ளே போவதால் நம் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஏறிவரும் வெளி இரைச்சல்தான் மாட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து கிளிப்பை மாட்டும் முன்பு ஒரு வேலை செய்தேன், இதை எல்லோரும் செய்ய வேண்டும். அப்பாவின் பழைய பேட்டரி டிரான்சிஸ்டரை எடுத்து மீடியம் வேவில், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். 720இல் சென்னை வானொலி கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த பேண்ட் தெரியும். மீடியம் வேவ் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, அது அப்படியே டிஎஸ்எல் ஓடும் எல்லைக்குள் விழுகிறது, அதனால் லைனைக் கெடுக்கும் இரைச்சலை ரேடியோ காதுக்கே கேட்க வைத்துவிடும். மிக்ஸி போட்டால் ‘கர்ர்ர்’ என்று அலறியது, அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் தீப்பொறி விடுகிறதே. கிரைண்டரை ஓட்டினால் சத்தமே இல்லை, அதில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். ஹால் ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பக்கத்தில் ஒரே சீராக ஒரு உறுமல்.

பெரிய திருடன் பூஜையறையில் இருந்தான். சாமி படத்தைச் சுற்றிப் போட்ட சீரியல் பல்ப், அதன் குட்டி அடாப்டர். ரேடியோவைக் கிட்டே கொண்டுபோனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். நான் ஆறு மணிக்குக் கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் சாமிக்குப் பின்னால் அது மினுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. (வேல்ஸில் அபெர்ஹோசன் என்று ஒரு கிராமம், அங்கே ஒருவர் தினமும் காலை 7 மணிக்குப் பழைய டிவியைப் போட்டதால் 18 மாதம் ஊர் முழுக்க பிராட்பேண்ட் படுத்ததாக 2020இல் செய்தி வந்தது. நம் கதை ஒரு வீட்டோடு நின்றதே என்று நினைத்துக்கொண்டேன்.)

அடாப்டரை மாற்றியதும் மாலைத் தொல்லை போயிற்று. ஹால் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு கெபாசிட்டர் வகை போட்டேன். பெட்ரூமுக்குப் போகும், யாரும் பயன்படுத்தாத பேரலல் லைன் ஒன்று ஆன்டெனா மாதிரி சும்மா தொங்கியது, அதைத் துண்டித்தேன். சாக்கெட்டிலிருந்து மோடம் வரை இருந்த தட்டை ஒயரை எடுத்துவிட்டு முறுக்கிய ஜோடிக் கம்பி போட்டு, கிச்சன் சுவிட்ச் போர்டை ஒட்டிப் போகாமல் விலக்கி இழுத்தேன். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஒரு எண் இருக்கும், இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்வது அது, பொதுவாக 6 டெசிபெல்லை ஒட்டி இருந்தால் லைன் தாங்கும். முன்பு மிக்ஸி ஓடினால் 1க்கு இறங்கிக் கட் ஆகும், இதெல்லாம் செய்தபின் 4இல் நின்றது.

அதற்குப் பிறகுதான் கிளிப். ஒரு சுற்றில் மாட்டினேன், எண் அசையவில்லை. ஏழு சுற்று சுற்றி மாட்டினேன், மிக்ஸி ஓடும்போதும் 6. அவ்வளவுதான் அதன் பங்கு, இரண்டு டெசிபெல், ஆனால் காலை மீட்டிங்கில் கட் ஆகாமல் இருக்க எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

குறைகள். பிளாஸ்டிக் கொக்கி மட்டம், ஐந்தில் ஒன்று மாட்டும்போதே உடைந்தது. ஃபெர்ரைட் பீங்கான் மாதிரி, இன்னொன்று கீழே விழுந்து விளிம்பு உதிர்ந்தது, இரண்டு பாதியும் இடைவெளியில்லாமல் சேராவிட்டால் அதை மாட்டியும் பலன் இல்லை. கூடவே 90 ரூபாய்க்கு வாங்கிய ஸ்ப்ளிட்டரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அது பேசும் போனையும் டேட்டாவையும் பிரிக்கத்தான், மிக்ஸி இரைச்சலை அது தடுக்காது, அதை நினைத்து வாங்காதீர்கள்.

கிளிப்புக்கு ஐந்தில் மூன்று. அந்த ராக்கெட் படம் இல்லாமல் இருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன். மீதி இருக்கும் இரண்டில் ஒன்றை மோடத்தின் பவர் ஒயரில் போட்டிருக்கிறேன், அதனால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, சும்மா கிடக்கிறது.