செரிகிராஃப் என்று சொல்லி இங்க்ஜெட்டை விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கேலரியில் 'லிமிடெட் எடிஷன் செரிகிராஃப்' (அதாவது குறைந்த பிரதிகளே போடும் ஸ்கிரீன் பிரிண்ட் படம்) என்று சொல்லி எனக்கு 18,000 ரூபாய்க்கு ஒரு படத்தை விற்றார்கள். கீழே பென்சிலில் 12/50 (ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது) என்று எண், பக்கத்தில் ஓவியரின் கையெழுத்து. ஓவியரே ஸ்கிரீனில் கையால் போட்டது என்று சத்தியம் செய்யாத குறை. அது இங்க்ஜெட் பிரிண்ட்.

கண்ணாடி மாற்ற திருவல்லிக்கேணியில் கொடுத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஃபிரேம் போடும் அண்ணன் முன்பு கல்யாணப் பத்திரிகை ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர். பின்அட்டையைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், இது ஸ்கிரீன்ல போட்டது இல்ல, நீங்களே பாருங்க" என்று லென்ஸை நீட்டினார். வெறும் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரிந்த வாழையிலைக்குள் நீலமும் மஞ்சளும் பொடிப்பொடியாகத் தெறித்துக் கிடந்தன.

ஸ்கிரீனில் அப்படி வராது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலையில் எமல்ஷன் என்கிற பூச்சைப் பூசி, மேலே பாசிட்டிவை (படம் கறுப்பில் இருக்கும் ஃபிலிமை) வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து வலைக்கண் திறக்கும். அதன் வழியே ஸ்குவீஜி என்கிற ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் தாளில் இறங்கும். பச்சைக்குப் பெரும்பாலும் பச்சை மையையே கலந்து தனி ஸ்கிரீனில் போடுவார்கள். எட்டு நிறம் என்றால் எட்டு ஸ்கிரீன். ஒவ்வொரு தாளும் எட்டு முறை, காயவிட்டு, இம்மி பிசகாமல். விலை அந்த உழைப்புக்குத்தான்.

புள்ளி இருந்தாலே போலி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-ல் செய்த மர்லின் மன்றோ படங்களைப் போல, போட்டோவை ஸ்கிரீனுக்கு மாற்றினால் புள்ளி வரும். ஆனால் அது ஒரே மையில் அழுத்தமாக விழுந்த புள்ளியாக இருக்கும்.

கேலரியில் கேட்டால் "இது டிஜிட்டல் செரிகிராஃப் சார்" என்கிறார்கள். ஸ்கிரீனையே தொடாத படத்துக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? பில்லில் வெறும் 'ஆர்ட் பிரிண்ட்'. பணம் திரும்பக் கிடைக்காதாம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன்.

டிஜிட்டல் பிரிண்ட் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்கட்டும். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி ஸ்டூடியோவில் மை படிந்த கையோடு நிற்கிற கலைஞர்களின் பிழைப்பில் அல்லவா இவர்கள் கை வைக்கிறார்கள்!

வாங்கும் முன் ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். 'ஸ்கிரீன் பிரிண்ட்', எத்தனை ஸ்கிரீன், மொத்தம் எத்தனை பிரதி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மழுப்பினால் பணத்தை எடுக்காதீர்கள்.