சுண்ணாம்புக்கல் பலகை: தரைக்கு சரி, சமையல் மேடைக்கு வேண்டாம்

தரைக்கும் சமையல் மேடைக்கும் சுண்ணாம்புக்கல் பதித்து ஒரு வருஷம் ஆகிறது. தரையில் எனக்குக் குறையே இல்லை, வெறுங்காலில் நடந்தால் சில்லென்று இருக்கிறது, அப்புறம் ஒரு பலகையில் சின்னச் சுருள் சிப்பி ஒன்று அப்படியே பதிந்திருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்க்கிறார்கள். கடலடியில் சிப்பி, பவளம், நுண்ணுயிரிகளின் ஓடு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே சேர்ந்த பாரத்தில் இறுகி, லட்சக்கணக்கான வருஷத்தில் கல்லானதுதானே இது.

மேடைதான் சொதப்பல். எலுமிச்சைச் சாறு சிந்தியதைத் துடைக்க மறந்துவிட்டேன், மறுநாள் பார்த்தால் பளபளப்பு போய் வெளிறிய வட்டம். பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டால் கரையும், கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளியேறும். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது சுமார் 3தான், கத்தி பட்டாலே கீறல். விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை! சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசினால் கறை ஊறுவது குறையும், ஆனால் அமில அரிப்பு நிற்காது. வினிகர் கலந்த கிளீனரும் கூடாது, தரைக்கும்தான்.

மேடைக்கு மட்டும் கிரானைட் போடுங்கள், நானும் மாற்றப்போகிறேன்.