எழுத்தா, பேச்சா: மொழித் தொழிலில் எந்தப் பக்கம் போகலாம்?

இரண்டு மொழி நன்றாகத் தெரிந்தவருக்கு இரண்டு வழி: எழுதி மொழிபெயர்ப்பது, அல்லது பேசி மொழிபெயர்ப்பது.

எழுத்துப் பக்கம் நுழைவது எளிது. கணினியும் பொறுமையும் போதும். கூலி சொல் கணக்கில் வரும். ஆனால் இப்போது நிறுவனங்கள் இயந்திரம் பெயர்த்ததை அனுப்பி, "கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள்" என்கின்றன. அந்தக் 'கொஞ்சம்' பல நேரம் முழுசாகத் திருப்பி எழுதுவதுதான். கூலி மட்டும் குறைவு. நிரந்தர வேலை வேண்டுமென்றால் மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் இளநிலை மொழிபெயர்ப்பு அலுவலர் தேர்வு இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுப்படி 6ஆம் நிலை, அடிப்படைச் சம்பளம் ரூ.35,400. ஆனால் அது இந்தி-ஆங்கிலம். தமிழை மட்டும் நம்பியிருப்பவருக்கு உதவாது.

பேச்சுப் பக்கம் கூலி நாள் கணக்கில். கருத்தரங்குகளில் கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்து, மேடையில் பேசப் பேசவே மொழிபெயர்த்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அதற்கு மேல் மூளை தாங்காது. ஒருநாள் வருமானம் எழுத்துக்காரருக்குப் பொறாமையைக் கிளப்பும். அடுத்த அழைப்பு எப்போது என்பதுதான் கேள்வி. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. தமிழுக்கான வேலை நாடாளுமன்றம், இலங்கை நீதிமன்றங்கள், கனடாவின் அகதி விசாரணைகள் போன்ற இடங்களில்தான்.

என்னைக் கேட்டால், நாக்கு சுறுசுறுப்பாக உள்ளவர் பேச்சுக்கே போகலாம். மாதச் செலவுக்கு எழுத்தையும் விட்டுவிடாமல்.